நாடகக்காரன் ரவிக்கை

மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மாட்டு வண்டி வந்து கடை ஓரமாக நின்றது. ரப்பர் தோட்டத்துப் பெரிய கங்காணியின் மனைவி இறங்கினார். மலாயாவில் எங்கள் லாபிஸ் ஊரில் அவரைக் கங்காணியம்மா என்றுதான் எல்லோரும் சொல்வோம்.

கடைக்குள் போகவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

“டைலரே, நேத்து நாடகம் பாத்தீங்கல்ல?”

“பாத்தேன்மா.”

“ராணி போட்டிருந்த ரவிக்கை?”

“பாத்தேன்.”

“அந்தக் கைதான் எனக்கு வேணும். தோள்ல உப்பி, முழங்கைக்குக் கீழ வரைக்கும் வந்து, முடிவுல லேசு வச்சு. ஒரு சுருக்கம் கூடக் குறையக் கூடாது.”

“சரிம்மா.”

“இன்னொண்ணு. கோயில் திருநா முடியிற வரைக்கும் எங்க தோட்டத்துல வேற எவளுக்கும் இந்தக் கை கிடையாது. நான் மட்டுந்தான் போடணும். தெரிஞ்சுதா?”

அதற்கு நான் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோத்தேன். அவர் அதையே சரி என்று எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

ரப்பர் விலை விழுவதற்கு முன்பு நடந்தது இது. வருஷம் சரியாக நினைவில்லை. எனக்கு அப்போது கண்ணாடி இல்லாமல் ஊசி கோக்க முடியும். அவ்வளவுதான் கணக்கு.

நான் கப்பலிலிருந்து இறங்கிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு பெண் கேட்டாள், “தாத்தா, அந்தக் காலத்துல ஃபேஷனெல்லாம் ஏது?” என்று. இருந்தது. நாங்கள் மோஸ்தர் என்போம். சண்டையும் இருந்தது.

மயில் துணி

கடை ராவுத்தருடையது. கடை வாசலில் ஐந்தடி அகலத்துக்கு நடைபாதை விட்டிருப்பார்கள். அதற்கு அஞ்சடி என்றே பெயர். அங்கே என் மிஷின் இருந்தது. ராவுத்தர் துணி விற்பார். நான் தைப்பேன். வாடகை இல்லை. அவருக்கு வருகிறவர்கள் எனக்கும் வருவார்கள்.

துணிக்கு மார்க் உண்டு. ஒவ்வொரு பீஸின் மேலும் பெரிய படம் ஒட்டி வரும். மயில், யானை, சிங்கத்தின் மேல் உட்கார்ந்த அம்மன். பெண்கள் துணியைத் தொட்டுப் பார்க்க மாட்டார்கள். படத்தைப் பார்ப்பார்கள். “அந்த மயில் துணியில குடுங்க” என்பார்கள்.

முதலில் மயில் சீமையிலிருந்து வந்தது. பிறகு ஜப்பானிலிருந்து இன்னொரு மயில் வந்தது. கழுத்து கொஞ்சம் குட்டை. விலை பாதி. யாரும் கழுத்தைக் கவனிக்கவில்லை.

படத்தை ஒருத்திதான் கொண்டுபோக முடியும். கடைசி கஜம் வாங்குகிறவளுக்குத்தான் அது. அதற்காகக் காத்திருந்து வாங்கினவர்கள் உண்டு. தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டுச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அதை ஒட்டுவார்கள்.

என் எண்ணத்தைக் கேட்டால், துணியைக் கையில் கசக்கிப் பிடித்து விட வேண்டும். சுருக்கம் எப்படி விடுகிறது என்று பார்க்க வேண்டும். படம் கசங்காது. அதனால் படத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது.

ஆண்கள் மட்டும் யோக்கியமா? இல்லை. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை கோட்டுத் தைக்கச் சொல்வார்கள். காலில் செருப்பு இருக்காது, மேலே கோட்டு இருக்கும். துரை எதிரே வந்தால் கோட்டுப் போட்டவன் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும். கோட்டுப் போடாதவனும் இறங்க வேண்டும். அந்தக் கோட்டு என்ன வேலை செய்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஸ்டேஷனில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வேலை பார்த்தார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை. வருஷம் பூராவும் அதே வெட்டுதான். மோஸ்தர் எத்தனையோ வந்து போனது. அவர் மாறவில்லை. எனக்குப் பிடித்த வாடிக்கை அவர்தான்.

ராணியின் கை

ரயில் ஸ்டேஷன் பக்கம் அத்தாப்பு ஓலையில் கொட்டகை போட்டு ஒரு நாடகக் கம்பெனி ஆடியது. அப்போதெல்லாம் பெண் வேஷத்தை ஆண்தான் கட்டுவான். ஸ்திரீபார்ட் என்று சொல்வோம். இந்தக் கம்பெனியின் ஸ்திரீபார்ட் பெயர் சுந்தரமணி.

அவன் ஆண் என்று எல்லோருக்கும் தெரியும். பகலில் கைலி கட்டிக்கொண்டு கடைத்தெருவில் சுருட்டுப் பிடித்தான். அதே பெண்கள் அதைப் பார்த்தார்கள். மேடையில் வந்தால் மட்டும், “அவ நடக்குறதப் பாருடி” என்றார்கள்.

கங்காணியம்மா வந்து போன அன்றே சுந்தரமணியும் என்னிடம் வந்தான். ராணியின் ரவிக்கை அக்குளில் கிழிந்திருந்தது.

“அண்ணே, கொஞ்சம் தாராளமா விட்டுத் தைங்க. மூச்சு வாங்கினாக் கிழியுது.”

“கை ஏன் இவ்வளவு பெருசா வச்சிருக்கு?” என்றேன்.

கைலியை இறுக்கிக்கொண்டு கையை மடக்கிக் காட்டினான். தொடை மாதிரி இருந்தது.

“ஊர்ல கர்லாக்கட்டை சுத்துன கை. இதை வெளிய காட்டினா ராணி வேஷம் போயிரும். சிப்பாய் வேஷம்தான் மிஞ்சும். அதான் எங்க டைலர் மூட்டை மாதிரி வச்சுத் தெச்சுட்டான்.”

“இங்க ஒரு அம்மா அதே கை வேணுங்குறாங்க.”

“அலமாக்!” என்றான், மலாய்க்காரன் மாதிரி. சுருட்டு வாயிலிருந்து விழப் பார்த்தது. “அவங்களுக்கு என்ன கேடு? நல்ல கை தானே?”

இதை நான் பிறகு பல தடவை பார்த்திருக்கிறேன். பெரிய ஆள் யாராவது ஒன்றை மறைக்கத் துணி போடுவார். மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் அதை மோஸ்தர் என்று எடுத்துக்கொள்வார்கள். இப்போது சினிமாக்காரி கழுத்தை மூடினால் ஊரே மூடுகிறது. அவள் கழுத்தில் என்ன இருக்கிறதோ, யார் கண்டது.

மறைக்க இருந்தவள்

மாரியாயி அந்த வாரக் கடைசியில் வந்தாள். கங்காணியம்மா இருந்த அதே தோட்டம். பால்மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். அதிகம் பேச மாட்டாள். எனக்கும் அது தோது.

“அண்ணே, ராணிக் கை ரவிக்கை ஒண்ணு வேணும். திருநாவுக்கு.”

“கங்காணியம்மா கூடாதுன்னிருக்காங்க.”

“தெரியும்.”

போகவில்லை. நின்றாள். பிறகு சேலைத் தலைப்பைத் தள்ளி இடது கையைக் காட்டினாள். முழங்கைக்கு மேலே பச்சை குத்தியிருந்தது. தேளோ கோலமோ இல்லை. எழுத்து. அண்ணாமலை என்று.

அண்ணாமலை அவளைக் கட்டினவன். ஊருக்குப் போய் வருகிறேன் என்று கப்பலேறினான். வரவில்லை. அங்கே வேறு ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று வந்தவர்கள் சொன்னார்கள். லயத்துப் பெரியவர்கள் கூடி அந்த உறவைத் தீர்த்துவிட்டார்கள். அவள் வேறு கட்டிக்கொள்ளலாம் என்று ஆனது.

“சிகாமட்லேருந்து ஒருத்தரு திருநாவுக்கு வர்றாரு. ரயில் ரோட்டுல வேலை. கோவிந்தன்னு பேரு. அவங்க அக்காவும் வருது. என்னைப் பாக்கத்தான்.”

“முன்னமே கல்யாணம் ஆனதச் சொல்லியாச்சா?”

“அதெல்லாம் சொல்லியாச்சு. பேரு எழுதியிருக்குன்னுதான் சொல்லல.” தலைப்பை இழுத்துக் கையை மூடினாள். “போன வருஷம் ஒரு இடம் வந்துச்சு. கையப் பாத்தாங்க. கலக்குன காப்பியக் கூடக் குடிக்காமப் போயிட்டாங்க.”

மரம் வெட்டப் போகும்போது ஆண் சட்டையை மேலே போட்டுக்கொள்வாள். எல்லாப் பெண்களும் அப்படித்தான். கொசுவுக்காக. கோயிலுக்கு யாரும் சட்டை போட்டுக்கொண்டு போக மாட்டார்கள். ரவிக்கைதான். அப்போது எல்லோரும் குட்டைக் கைதான் போடுவார்கள்.

“சும்மா நீளக் கை வச்சுத் தெச்சா?” என்றேன்.

“நான் மட்டும் நீளமாப் போட்டா, குஷ்டமாடின்னு கேப்பாங்க. எல்லாரும் போட்டா யாரும் கேக்க மாட்டாங்க.”

சரியாகத்தான் சொன்னாள்.

ஆணியில் மாட்டிய கை

கங்காணியம்மாவுக்கு வாயில் என்கிற வெள்ளைத் துணியில் தைத்தேன். மெல்லிசுத் துணி. ஊதினால் பறக்கும். மேடையில் சுந்தரமணி அதுதான் போட்டிருந்தான். அவருக்கும் அதுதான் வேண்டும் என்றார். நன்றாக வந்தது. வாங்கிக்கொண்டு போனார்.

மிச்சத் துணியில் ஒரே ஒரு கை தைத்தேன். அதை அஞ்சடித் தூணில் ஆணியடித்து மாட்டினேன். காற்றில் அது உப்பி உப்பி ஆடியது.

ராவுத்தர் வெளியே வந்தார். பார்த்தார்.

“டைலரே, என்ன இது?”

“கை.”

“கண்ணு தெரியுது எனக்கு. கங்காணி தீவாளிக்குத் தோட்டத்தையே கூட்டிக்கிட்டு வர்றவரு. அந்தம்மா வாயில விழுந்தா என் கடை என்னாகும்?”

“எல்லாரும் தெச்சா யாரைன்னு திட்டுவாங்க?”

“என்னையத் திட்டும். அப்புறம் உன்னைய.”

சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றைக்கே நாலு பெண்கள் வேறு தோட்டத்திலிருந்து வந்து அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். வாயில் துணி கேட்டார்கள். ராவுத்தர் துணியைக் கிழித்தார். மறுநாள் இன்னும் வந்தார்கள். சிகாமட்டுக்கு ஆள் விட்டுத் துணி எடுத்தார்.

“நான் எதையும் பாக்கல டைலரே. என் கண்ணு கல்லாவுலயே இருக்கு” என்றார்.

கங்காணியம்மாவின் தோட்டத்துப் பெண்கள் நேரே வரவில்லை. பக்கத்துத் தோட்டத்துச் சொந்தக்காரி பெயரில் அளவு ரவிக்கை அனுப்பினார்கள். அந்த அளவு ரவிக்கைகளில் ரப்பர் பால் வாடை அடித்தது. எந்தத் தோட்டத்துப் பால் என்று நான் கேட்கவில்லை.

மாரியாயிக்கும் வாயில் துணியில்தான் தைத்தேன். கொஞ்சம் கெட்டித் துணியாக எடு என்று சொல்லிப் பார்த்தேன்.

“எல்லாரும் போடுறதுதான் வேணும்ணே. மாறக் கூடாது” என்றாள்.

கைக்கு உள்ளே துணி கொடுத்துத் தைக்கவா என்றேன். கை விறைப்பாக நிற்கும், பார்த்தால் தெரியும் என்றாள். அதுவும் சரிதான். காய்ந்த வாயில் துணி அத்தனை சுருக்கத்தில் ஒன்றையும் காட்டாது. போட்டுப் பார்த்தாள். எழுத்து தெரியவில்லை. வெளிச்சத்தில் நின்றும் பார்த்தோம்.

மஞ்சள் தண்ணீர்

திருநாளுக்கு நானும் போனேன். கோயில் அந்தத் தோட்டத்துக்கு உள்ளே, லயங்களுக்குப் பின்னால். எங்கே பார்த்தாலும் ராணிக் கை. வெள்ளை, ரோசு, கிளிப்பச்சை. காளான் முளைத்த மாதிரி.

கங்காணியம்மா வந்தார். ஒரு சுற்றுப் பார்த்தார். என்னையும் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்து இரண்டு கையையும் மூடிக்கொண்டார். அப்புறம் அந்த ரவிக்கையை அவர் போட்டு நான் பார்க்கவில்லை. எல்லோரிடமும் இருப்பது அவருக்கு வேண்டாம். அடுத்த தீபாவளிக்குக் கங்காணி வேறு கடைக்குப் போனார். ராவுத்தர் என் மிஷினைக் கொஞ்ச நாள் சைக்கிள் கடை அஞ்சடிக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார். மாற்றினேன். அது பிறகு நடந்தது.

சிகாமட்டிலிருந்து கோவிந்தனும் அவன் அக்காவும் வந்திருந்தார்கள். அவன் கறுப்பாக, அமைதியாக இருந்தான். அக்கா பேசும். மாரியாயியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சாப்பிட்டது. தலையைத் தொட்டுப் பார்த்தது. “நல்லா மரம் வெட்டுவியா? கோழி வளப்பியா?” என்று கேட்டது. மாரியாயி சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசி நாள் மஞ்சள் தண்ணீர். அம்மன் ஊர்வலம் முடிந்ததும் முறைக்காரர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். மாமன், மச்சான், நாத்தனார். வருஷா வருஷம் நடக்கிறது. ஊருக்கே தெரியும்.

அவளும் மறந்தாள். நானும் மறந்தேன். கையைப் பற்றி அத்தனை யோசித்தோம். தண்ணீரைப் பற்றி யோசிக்கவில்லை.

கோவிந்தனின் அக்கா ஒரு குடத்தோடு வந்தது. “ஏ பொண்ணு, நான் உனக்கு நாத்தனாரு. இந்தா வாங்கிக்க!” என்று தலையோடு ஊற்றியது. அப்படி ஊற்றினால் பெண்ணைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். எல்லோரும் கை தட்டினார்கள்.

வாயில் துணி கையோடு ஒட்டிக்கொண்டது. மஞ்சளுக்குள்ளே பச்சை எழுத்து தெரிந்தது.

அக்கா குனிந்து பார்த்தது. படிக்கத் தெரியாது போலிருக்கிறது.

“இது என்ன எழுத்து? சாமி பேரா?”

சிலர் சாமி பெயரும் குத்திக்கொள்வார்கள். ஆமாம் என்றிருந்தால் அதோடு போயிருக்கும். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆமான்னு சொல்லேன் புள்ள என்று நினைத்தேன்.

மாரியாயி முகத்திலிருந்து தண்ணீரை வழித்துவிட்டாள்.

“சாமி இல்ல. அண்ணாமலை. என்னைக் கட்டினவன்.”

சுற்றி நின்ற பெண்கள் வாயில் கை வைத்தார்கள். கட்டினவன் பெயரை எங்கள் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். செத்தாலும் சொல்ல மாட்டார்கள். கணக்கு எழுதும் கிராணி பெயர் பதிய வந்தால் பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்லச் சொல்வார்கள். இவள் தெருவில் போகிறவன் பெயரைச் சொல்வது போல் சொல்லிவிட்டாள்.

அக்காவின் குடம் கீழே வந்தது.

“பேரு எழுதி வச்ச சாமான நாம எதுக்குடா தூக்கிக்கிட்டுப் போறது? வாடா கோவிந்தா, ரயிலுக்கு நேரமாச்சு.”

கோவிந்தன் மாரியாயியைப் பார்த்தான். அக்காவின் பின்னால் போனான்.

மறுநாள் விடிவதற்கு முன் மாரியாயி ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் மரம் வெட்டினாள். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் பார்த்தேன்.

“கெட்டித் துணிதான் எடுத்திருக்கணும்” என்றேன்.

“துணி என்னண்ணே பண்ணும். தண்ணி பட்டா ஒட்டத்தான் ஒட்டும்.”

உப்பும் கருவாடும் வாங்கிக்கொண்டு போனாள்.

ரயிலில் வந்தவன்

கொஞ்ச நாள் போனது. ஒரு நாள் மத்தியான ரயிலில் கோவிந்தன் இறங்கி வந்தான். தனியாக. என் மிஷின் முன்னால் நின்றான். தோளில் துண்டு. கையில் தார் வாசனை.

“டைலரண்ணே நீங்கதானே?”

“ஆமா.”

“அந்தக் கை, மறைக்கத்தான் தெச்சீங்களா?”

“ஆமா.”

“ஊருக்கே தெச்சிருக்கீங்க.”

“ஒருத்திக்கு மட்டும் தெச்சாத் தெரிஞ்சிடும்.”

பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். மிஷின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒரு கால்சட்டைக்குப் பை வைத்து முடித்தேன்.

“கோவமா?” என்றேன்.

“மொதல்ல இருந்துச்சுலா. பேரு இருக்குன்னு முன்னமே சொல்லியிருக்கலாம்ல?”

“நீ கேட்டியா?”

“இல்ல.”

துண்டால் கழுத்தைத் துடைத்தான்.

“எங்கப்பன் சயாம் பக்கம் ஓடிப் போனவன் அண்ணே. குடிப்பான். அடிப்பான். அவன் போனப்புறமும் எங்கம்மா சாகுற வரைக்கும் அவன் பேரை வாயால சொன்னதில்ல. ‘உங்கப்பன்’தான். ஒரு தடவை கூடச் சொன்னதில்ல. இவ சொல்லிட்டாளே. அத்தனை பேரு முன்னால.”

“சொன்னா.”

“அப்ப இவளுக்கு அவன் முடிஞ்சு போயிட்டான்.”

“ரொம்ப நாளாச்சு” என்றேன்.

“உங்க அக்கா?” என்று நானே கேட்டேன். அதிகம் கேட்கிற வழக்கம் எனக்கில்லை.

“அக்கா பேசும். பேசி முடிச்சுச் சோறு போடும்.”

எழுந்தான். தோட்டத்துக்கு எந்த வழி என்று கேட்டான். காட்டினேன். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். அவன் வெளியே நின்றுகொண்டான். அவள் உள்ளே போய் அரக்கு நிறத்தில் சேலை எடுத்தாள். படத்தைப் பார்க்கவில்லை. கசக்கிப் பார்த்து எடுத்தாள். ரவிக்கைத் துணியோடு என்னிடம் வந்தாள். நாடாவை எடுத்தேன்.

“கை எது வரைக்கும்?”

“குட்டையாவே வைங்கண்ணே. நீளமா வச்சா வேர்க்குது.”

ராவுத்தர் துணியை மடித்துக்கொண்டே வாசலை எட்டிப் பார்த்தார். சந்தோஷமாக இருந்தார். அவருக்குப் பேச்சு வேண்டும்.

“கல்யாணத் துணியா? நல்லா இரும்மா. மாப்பிள்ளை பேரு என்ன?”

மாரியாயி தலையைத் திருப்பிக்கொண்டாள். முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது.

“அதோ நிக்கிறாருல்ல. அவரையே கேளுங்க.”